எல்லிஸின் சட்ட எழுத்துகளுக்கும் மொழியாய்வுக்கும் உள்ள தொடர்பு

கேள்வி – சுவடிநேசன்:

கிழக்கிந்தியக் கம்பெனி அதிகாரி பிரான்சிஸ் ஒயிட் எல்லிஸைப் பற்றிய கட்டுரைகள் பெரும்பாலும், கால்டுவெல்லின் ஒப்பிலக்கணம் 1856-இல் வெளிவருவதற்கு நாற்பது ஆண்டுகளுக்கு முன்பே தென்னிந்திய மொழிகளின் தனித்தன்மையை அவர் நிறுவிவிட்டார் என்பதோடு நின்றுவிடுகின்றன. ஆனால் 1810 முதல் சென்னையின் கலெக்டராக இருந்த அவர், மிராசு உரிமையைப் (ஊர் நிலத்தின் மீதான பரம்பரை உரிமை) பற்றியும் இந்துச் சட்டத்தைப் பற்றியும் எழுதியிருக்கிறார். இவற்றுக்கும் அவருடைய மொழியாய்வுக்கும் உள்தொடர்பு உண்டா? எதிலிருந்து படிக்கத் தொடங்கலாம்?

மறுமொழி – தென்றிசை:

உண்டு. வங்காளத்தில் கிடைத்த சான்றுகளைக் கொண்டு தெற்கை அளக்கக் கூடாது என்பதே இரண்டிலும் அவர் கொண்ட நிலைப்பாடு. வங்காளப் பண்டிதர் ஜகந்நாத தர்க்கபஞ்சானனர் தொகுத்து, கோல்புரூக் என்ற ஆங்கில அறிஞர் மொழிபெயர்த்த சட்டத் திரட்டு வங்காள மரபைச் சார்ந்தது என்றும், தென்னாட்டு வழக்குகளுக்கு மிதாட்சரம், ஸ்மிருதி சந்திரிகை, பராசர மாதவீயம் முதலிய நூல்களையே ஆதாரமாகக் கொள்ள வேண்டும் என்றும் அவர் வாதிட்டார்.

மொழியிலும் இதே முறைதான். தெலுங்கு முதலியவை சமஸ்கிருதத்திலிருந்து பிறந்தவை என்ற கருத்து கல்கத்தா அறிஞர்களிடையே வேரூன்றியிருந்த காலத்தில், 1816-இல் கேம்பல் என்ற கம்பெனி அதிகாரி வெளியிட்ட தெலுங்கு இலக்கணத்துக்கு எழுதிய குறிப்பில் அவர் அதை மறுத்தார். வெறும் சொல்லொப்புமையை அவர் நம்பவில்லை. பண்டிதர் பட்டாபிராம சாஸ்திரியின் தாதுப் (வேர்ச்சொல்) பட்டியலைத் துணைகொண்டு, சமஸ்கிருத வேர்களையும் தெலுங்கு வேர்களையும் அகரவரிசையில் அருகருகே நிறுத்தி, அவை ஒத்துவரவில்லை என்று காட்டிய பிறகு, தமிழ், தெலுங்கு, கன்னட வேர்களை அதேபோல் அடுக்கி அவற்றின் உறவை வெளிப்படுத்தினார். முடிவைச் சொல்வதோடு நில்லாமல் வாசகரே சரிபார்க்கும்படி சான்றைப் பரப்பி வைத்த அந்த நேர்மைக்காகவே அக்குறிப்பை மூலத்தில் படிக்க வேண்டும்.

மறுமொழி – காணிவாசகி:

நான் மிராசு பற்றிய நூலிலிருந்து தொடங்கச் சொல்வேன். மிராசு உரிமை குறித்து அரசு எழுப்பிய 17 கேள்விகளுக்கான விடைகள் 1818-இல் அச்சாயின. நிலம் சர்க்காருக்கு உரியதா, காணியாட்சி (மிராசு உரிமை) உடையவர்களுக்கு உரியதா என்பது அன்றைக்கு ஏட்டுச் சர்ச்சை அன்று. உழவரிடமே அரசு நேராக வரி வாங்கும் ரயத்துவாரி முறை பரவிவந்த காலத்தில், தொண்டைமண்டலத்து ஊர்களின் வரியும் பாகமும் அதைப் பொறுத்தே அமைந்தன. எல்லிஸ் சாத்திர நூல்களோடு கல்வெட்டுகளையும் பழைய சாசனங்களையும் சான்றாக எடுத்துக்கொண்டார். இதில் அவருடைய அலுவலகத்துச் சிரஸ்ததார் (தலைமை இந்திய அலுவலர்) சங்கரய்யாவின் பங்கு மிகப் பெரிது. மொழியாய்வுக்குப் பட்டாபிராம சாஸ்திரி எப்படியோ, அப்படியே இதற்குச் சங்கரய்யா. இவர்களை விட்டுவிட்டு எல்லிஸின் பெயரை மட்டும் போற்றுவது எனக்கு உடன்பாடில்லை.

மறுமொழி – ஓலைக்கட்டு:

இரு நண்பர்களும் கூறியதோடு ஒன்றைச் சேர்க்கிறேன். எல்லிஸ் நாற்பது வயது நிறையும்வரை நூல் வெளியிடுவதில்லை என்று முடிவு செய்திருந்தவர். 1819 மார்ச்சில் இராமநாதபுரத்தில் தற்செயலாக நஞ்சுண்டு இறந்தார். அவருடைய தாள்களில் பல மதுரையில் ஒரு சமையலறையில் அடுப்பெரிக்கவும் கோழி வாட்டவும் பயன்பட்டு அழிந்தன என்று பிற்காலச் சென்னை அதிகாரி வால்ட்டர் எலியட் பதிவு செய்திருக்கிறார். இந்துச் சட்டத்தைப் பற்றிய சொற்பொழிவு அவர் மறைந்த பின், 1827-இல், சென்னை இலக்கியச் சங்கத்தின் வெளியீட்டில்தான் வந்தது. திருக்குறள் உரையும் முற்றுப்பெறவில்லை. ஆகவே மிராசு நூலை முதலிலும், 1816-ஆம் ஆண்டுக் குறிப்பை அடுத்தும், சட்டச் சொற்பொழிவை அதன் பின்னும் படிப்பது நல்லது. முதல் இரண்டும் அவர் உயிரோடிருந்தபோதே அச்சேறியவை.