ஸ்பாட்டில் யார் பொறுப்பு? மீட்புப் பணியில் நின்றவர்கள் சொல்லுங்கள்

மேலக்கரையான்

தீயணைப்புத் துறையில் 31 வருடம் இருந்து, நிலைய அலுவலராக ஓய்வு பெற்றவன் நான். என்னைப் பார்ப்பவர்கள் எத்தனை பேரைக் காப்பாற்றினீர்கள், பயமாக இருக்காதா என்றுதான் கேட்பார்கள். ஸ்பாட்டில் யார் பொறுப்பு, யார் யாரிடம் சொல்ல வேண்டும் என்று இதுவரை ஒருவரும் கேட்டதில்லை. அது குழம்பிய ஒரு இரவைச் சொல்கிறேன். ஊர் பெயர் வேண்டாம்.

பெயின்ட், தின்னர் வைத்திருந்த குடோன். இரவு ஏழரை மணி இருக்கும். ஒரே வண்டி, என்னோடு ஆறு பேர். போனதும் கட்டடத்தை ஒரு சுற்று சுற்றி வந்தேன். பின்பக்கச் சுவரை ஒட்டி பேரல்கள் அடுக்கியிருந்தன. ஒயர்லெஸ்ஸில் கூடுதல் வண்டி கேட்டேன். உள்ளே இரண்டு பேர் இருக்கலாம் என்று வாட்ச்மேன் சொன்னதால், இரண்டு தீயணைப்போரை பி.ஏ. செட் (முதுகில் மாட்டும் காற்று சிலிண்டரும் முகமூடியும்) மாட்டி முன்வாசல் வழியாக அனுப்பினேன். அதுவரைக்கும் சரி.

கால் மணி நேரத்தில் பக்கத்து நிலையங்களிலிருந்து மூன்று வண்டிகள் வந்துவிட்டன. ஒன்று பின்தெரு வழியாக வந்தது. அவர்கள் கண்ணுக்குத் தெரிந்தது ஜன்னலில் நெருப்பு. ஹோஸை இழுத்து, ஜன்னல் வழியாக முழு பிரஷரில் தண்ணீரை அடித்தார்கள். பின்னாலிருந்து அடித்த தண்ணீர் நெருப்பையும் புகையையும் கொதிக்கிற நீராவியையும் அப்படியே முன்பக்கம் தள்ளியது. உள்ளே இருந்த என் ஆட்கள் இரண்டு பேரும் தரையோடு படுத்து, தாங்கள் இழுத்துப் போன ஹோஸைக் கையால் தடவிக்கொண்டே வெளியே வந்தார்கள். ஒருவருக்குக் காது மடலும் பின்கழுத்தும் வெந்திருந்தன. நாங்கள் தேடிப் போன இரண்டு தொழிலாளர்களும் சாயங்காலமே வீட்டுக்குப் போய்விட்டார்கள் என்பது பிறகுதான் தெரிந்தது.

பின்தெருவில் நின்ற அலுவலர் மேல் தப்பு சொல்ல மாட்டேன். உள்ளே ஆள் இருப்பதை அவரிடம் யாரும் சொல்லவில்லை. சொல்ல வேண்டியவன் நான். நான்கு வண்டியும் ஒரே சேனலில் ஒரே நேரத்தில் பேசிக்கொண்டிருந்தோம், ஒருவர் பேச்சும் ஒருவருக்குக் கேட்கவில்லை.

அன்றிலிருந்து ஓய்வு பெறும் வரை சில பழக்கங்களை விடவில்லை. பின்னால் வரும் வண்டி எதுவும் நேராக நெருப்புக்குப் போகக்கூடாது. முனையில் நிறுத்திவிட்டு, அதன் பொறுப்பாளர் மட்டும் நடந்து என்னிடம் வர வேண்டும். என் இடம் எப்போதும் முதல் வண்டியின் பானட் பக்கம். அங்கே ஒரு நாற்பது பக்க நோட்டு இருக்கும். உள்ளே போகிறவர் பெயர், போன நேரம், சிலிண்டரில் எவ்வளவு காற்று என்று அதில் எழுதாமல் ஒருவரையும் உள்ளே விடமாட்டேன். வெளியே வந்ததும் அந்தப் பெயரை அடிக்க வேண்டும்.

இன்னொன்று, பொறுப்பை மாற்றிக்கொள்வது. மாவட்டத் தீயணைப்பு அலுவலர் வந்து இறங்கினார் என்பதாலேயே பொறுப்பு அவர் கைக்குப் போய்விடாது. என்ன எரிகிறது, யார் எங்கே நிற்கிறார்கள், கேட்டதில் எது இன்னும் வரவில்லை என்று மூன்றையும் நான் சொல்ல வேண்டும். கேட்டுக்கொண்டு, "இனி நான் பார்த்துக்கொள்கிறேன்" என்று அவர் ஒயர்லெஸ்ஸில் எல்லோருக்கும் சொல்ல வேண்டும். அந்த நிமிடம் வரை பொறுப்பு என்னுடையது. இதை அழகாகச் செய்த ஒரு அதிகாரியிடம் நான்கு வருடம் வேலை பார்த்தேன். அவர் வண்டியை விட்டு இறங்கியதும் முதலில் என் நோட்டைத்தான் கேட்பார்.

உங்களில் யாராவது இப்படி நின்றிருந்தால் எழுதுங்கள்.

நாற்கரச்சாலை

வணக்கம் ஐயா. நான் 108-இல் மருத்துவ உதவியாளராக ஏழு வருடம் இருந்தேன். உங்கள் நோட்டைப் படித்ததும் எனக்கு ஒரு மார்க்கர் பேனா ஞாபகம் வந்தது.

பைபாஸில் ஆம்னி பஸ் ஒன்று நின்றிருந்த லாரி மேல் மோதிவிட்டது. அதிகாலை இரண்டரை மணி. முதலில் போய்ச் சேர்ந்தது எங்கள் வண்டி. முப்பது பேருக்கு மேல் அடி. நான் ஒருத்தி, வண்டி ஓட்டும் பைலட் அண்ணன் ஒருவர். முதலில் வரும் ஆம்புலன்ஸ் ஆளை ஏற்றிக்கொண்டு உடனே கிளம்பிவிடக்கூடாது என்பது எங்களுக்குப் பயிற்சியில் சொல்லிக்கொடுத்த பாடம். அது கிளம்பிவிட்டால் ஸ்பாட்டில் எத்தனை பேர், யாருக்கு என்ன நிலைமை என்று சொல்ல ஆள் இருக்காது. ஆனால் ரோட்டில் நிற்கிற ஜனங்களிடம் அதைச் சொல்லிப் புரியவைக்க முடியாது. "வண்டியை வைத்துக்கொண்டு சும்மா நிற்கிறாயே" என்று ஒருவர் என் கையைப் பிடித்து இழுத்தார். அவர் மனைவிக்கு முழங்கை உடைந்திருந்தது. அவர் கோபத்தில் நியாயம் இருந்தது.

நான் கத்தினேன்: "நடக்க முடிந்தவர்கள் எல்லோரும் அந்தப் புளியமரத்துக்குப் போங்க!" பதினெட்டு பேர் போனார்கள். அவர்கள் பச்சை, அதாவது காத்திருக்கக்கூடியவர்கள். மீதிப் பேரை ஒவ்வொருவராகப் பார்த்தேன். மூச்சு நிமிடத்துக்கு முப்பதுக்கு மேல் ஓடுகிறதா, மணிக்கட்டில் நாடி கிடைக்கிறதா, "கையை மடக்குங்க" என்றால் மடக்குகிறார்களா. ஒரு ஆளுக்கு அரை நிமிடம், அதற்கு மேல் இல்லை. கையில் கலர் அட்டை எதுவும் இல்லாததால் மார்க்கரால் புறங்கையில், உடனே போக வேண்டிய சிவப்புக்கு சி, அதற்கு அடுத்த மஞ்சளுக்கு ம என்று எழுதினேன். சிவப்பு ஆறு பேர்.

ரோந்து வண்டியில் வந்த எஸ்.எஸ்.ஐ. ஒருவர் என்னிடம் வந்து, "என்னம்மா வேணும், சொல்லு" என்றார். அந்த ஒரு வார்த்தை போதும், எனக்குப் பாதி பாரம் இறங்கிவிட்டது. ஆம்புலன்ஸ்கள் வந்து திரும்ப ஒரு பக்கத்தைக் காலியாக்கிக் கொடுத்தார். அடுத்தடுத்து வந்த வண்டிகளுக்கு யாரை ஏற்ற வேண்டும், எந்த ஆஸ்பத்திரி என்று நான் சொல்ல, பைலட் அண்ணன் எழுதினார். எல்லோரையும் பக்கத்து அரசு ஆஸ்பத்திரிக்கே அனுப்பியிருந்தால், அந்த நேரத்தில் டியூட்டியில் இருக்கும் ஒன்றிரண்டு டாக்டர்கள் திணறிப்போயிருப்பார்கள். அதனால் மூன்று இடங்களுக்குப் பிரித்தோம்.

ஒன்றைச் சொல்லாமல் முடிக்க மனசு வரவில்லை. புளியமரத்தடிக்குத் தானாக நடந்து போன ஒரு பெரியவரை நாற்பது நிமிடம் கழித்துத் திரும்பப் பார்த்தேன். வேர்த்துக் கொட்டியிருந்தது. வயிற்றைத் தொட்டால் பலகை மாதிரி இருந்தது. புறங்கையில் புதிதாக எழுதி, அடுத்த வண்டியில் ஏற்றினேன். ஒருமுறை பிரித்ததோடு வேலை முடிந்துவிடாது, பச்சையையும் மறுபடி பார்க்கணும். இப்போது புதிதாகச் சேரும் பிள்ளைகளுக்கு வகுப்பெடுக்கும்போது அந்தப் பெரியவரைப் பற்றிச் சொல்லாமல் விடுவதில்லை.

ஃபீடர்காரன்

மின்வாரியத்தில் கம்பியாளர். 2018 நவம்பர் 16 அதிகாலை கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரையைக் கடந்த பிறகு, எங்களை அங்கே அனுப்பினார்கள். மின்கம்பங்கள் ஒரு லட்சத்துக்கும் மேல் சாய்ந்த புயல் அது. பல மாவட்டத்து ஆட்கள் வந்திருந்தோம். கேரளாவிலிருந்தும் ஆந்திராவிலிருந்தும் குழுக்கள் வந்தன.

எங்கள் வேலையில் ஒருங்கிணைப்பு என்றால் எல்.சி., அதாவது லைன் கிளியர். ஒரு ஃபீடரில், அதாவது துணை மின்நிலையத்திலிருந்து ஊர்களுக்குப் போகும் மின்பாதையில், வேலை செய்யப் போகிறவர் மின்சாரத்தை நிறுத்தியாயிற்று என்று அங்கே எழுதி வாங்கிக்கொண்டுதான் கம்பத்தில் ஏற வேண்டும். வேலை முடிந்ததும் ஆட்களை இறக்கி, பாதுகாப்புக்காக லைனைத் தரையோடு இணைத்து வைத்த எர்த் ராடைக் கழற்றி, எல்.சி.-யைத் திருப்பிக் கொடுக்க வேண்டும். சாதாரண நாளில் ஒரு ஃபீடரில் ஒரு குழுதான் இருக்கும். அப்போது ஒரே ஃபீடரில் மூன்று குழு, அதில் ஒன்றுக்குத் தமிழ் வராது. அதனால் வெளியூர்க் குழு ஒவ்வொன்றுக்கும் அந்தப் பகுதி லைன் தெரிந்த உள்ளூர் ஆள் ஒருவரைச் சேர்த்துவிட்டார்கள். யார் யோசனையோ, அவருக்குக் கோடி புண்ணியம். எந்தக் கம்பத்தில் எந்த லைன் குறுக்கே போகிறது என்பது வரைபடத்தைவிட அந்த ஆளுக்குத்தான் நன்றாகத் தெரிந்திருந்தது.

ஒரு சாயங்காலம், பத்து நாளைக்கு மேல் இருட்டில் கிடந்த ஜனங்கள் துணை மின்நிலைய வாசலில் கூடிவிட்டார்கள். கைக்குழந்தையோடு வந்த பெண்கள் அதில் நிறைய பேர். மூன்று எல்.சி.-யில் இரண்டு திரும்பி வந்திருந்தது. மூன்றாவது குழுவுக்குப் போன் போகவில்லை, டவர் இல்லை. "அவங்க எப்பவோ முடிச்சுட்டுப் போயாச்சு, நான் பார்த்தேன்" என்று ஒருவர் அடித்துச் சொன்னார். ஆபரேட்டருக்கு இருபத்தெட்டு வயசு இருக்கும். மூன்றாவது தாளும் கைக்கு வராமல் லைனில் மின்சாரம் விட மாட்டேன் என்று உட்கார்ந்துவிட்டார். மேலிருந்து ஒருவர் சத்தம் போட்டும் எழுந்திருக்கவில்லை. கடைசியில் டி.வி.எஸ். 50-இல் நான்தான் போனேன். எட்டு கிலோமீட்டர், வழி நெடுக தென்னை விழுந்து கிடந்தது. போய்ப் பார்த்தால் கம்பத்தின் மேல் இரண்டு பேர், டார்ச் வெளிச்சத்தில் இணைப்புக் கம்பியான ஜம்பரைக் கட்டிக்கொண்டிருக்கிறார்கள்.

திரும்பி வந்து சொன்னதும் வாசலில் நின்றவர்கள் ஒரு வார்த்தை பேசவில்லை. ஒரு பாட்டி மட்டும் உள்ளே வந்து, அந்தப் பையன் தலையைத் தொட்டுவிட்டுப் போனார்.

புதுவாசகன்

மேலக்கரையான் ஐயாவிடம் ஒரு சந்தேகம். பெரிய விபத்து என்றால் ஆட்சியர் வருகிறார், எஸ்.பி. வருகிறார், சில சமயம் அமைச்சரே வருகிறார். இருப்பவர்களில் பெரிய பதவியில் இருப்பவர்தானே பொறுப்பு?

மேலக்கரையான்

நல்ல கேள்வி தம்பி. 1970-இல் கலிஃபோர்னியாவில் 13 நாட்கள் காட்டுத்தீ எரிந்தது. 16 பேர் இறந்தார்கள், சுமார் 700 கட்டடங்கள் போயின. பல துறைகளின் ஆட்கள் வந்திருந்தார்கள். ஒரே பொருளுக்கு ஆளாளுக்கு ஒரு பெயர் வைத்திருந்தார்கள். ஒருவர் ரேடியோ இன்னொருவருக்குக் கேட்கவில்லை. யார் யாருக்குக் கட்டளையிடுவது என்பதும் தெளிவில்லை. அதற்குப் பிறகு உட்கார்ந்து யோசித்து உருவாக்கியதுதான் இன்று பல நாடுகளில் இருக்கும் சம்பவக் கட்டளை முறை. நம் தேசிய பேரிடர் மேலாண்மை ஆணையம் அதை நம் நிர்வாகத்துக்கு ஏற்ப மாற்றி 2010-இல் வழிகாட்டுதல் வெளியிட்டது.

அதன்படி மாவட்டத்தில் ஒட்டுமொத்தப் பொறுப்பு ஆட்சியருக்கு. ஆனால் களத்தை நடத்துவதற்குச் சம்பவத் தளபதி என்று தனியாக ஒருவர் உண்டு. அவருக்குக் கீழே செயல்பாடு, திட்டமிடல், தளவாடம் என்று மூன்று பிரிவு. நெருப்பை அணைப்பவன் டீசல் எங்கே, சாப்பாடு எங்கே என்று அலையக்கூடாது, அதைப் பார்க்க வேறு ஆள் வேண்டும். ஒருவர் நேரடியாக நடத்துவதும் மூன்றிலிருந்து ஏழு பேர் வரைதான், ஐந்து பேர் என்றால் நல்லது. முப்பது பேர் ஒருவரிடமே வந்து கேட்டால் அவரால் ஒருவருக்கும் பதில் சொல்ல முடியாது. அமைச்சர் வரட்டும், பார்க்கட்டும். அவரிடம் விவரம் சொல்வதற்கும் அந்த முறையில் தனி ஆள் உண்டு. தளபதி தன் இடத்தை விட்டு நகர வேண்டியதில்லை.

அக்கரைப்பேட்டை ரோடு

நான் எந்தத் துறையிலும் இல்லை. 2005 ஜனவரியில் கல்லூரி மாணவனாக நாகப்பட்டினத்துக்குப் போனவன். சுனாமியில் அந்த மாவட்டத்தில் மட்டும் 6,000-க்கும் மேற்பட்டவர்கள் இறந்திருந்தார்கள். உதவி குவிந்தது. ஆனால் லாரிகள் மெயின்ரோட்டில் முதலில் கண்ணில் பட்ட ஊரிலேயே இறக்கிவிட்டுப் போயின. பழைய துணி ரோட்டோரம் மலைபோலக் கிடந்து மழையில் நனைந்தது. உள்ளடங்கிய குப்பங்களுக்கு அடுப்போ பாத்திரமோ போய்ச் சேரவில்லை.

நூற்றுக்கணக்கில் வந்திருந்த தொண்டு நிறுவனங்களை ஒரு இடத்தில் சேர்க்க, மாவட்ட நிர்வாகத்தின் ஆதரவோடு ஒரு ஒருங்கிணைப்பு மையம் தொடங்கினார்கள். நான் பார்த்தது எடுபிடி வேலை. சுவரில் பெரிய சார்ட் ஒட்டியிருந்தோம். இடப்பக்கம் ஊர்ப் பெயர்கள், மேலே பாய், போர்வை, ஸ்டவ், கழிப்பறை என்று தலைப்புகள். போன் வந்ததும் பென்சிலால் குறிப்போம். பேனாவால் எழுதக்கூடாது, ஏனென்றால் மாலைக்குள் எல்லாம் மாறிவிடும். போர்வையோடு வந்த ஒரு லாரி டிரைவர் சார்ட்டைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, காலியாக இருந்த ஒரு கட்டத்தில் விரலை வைத்து, "இந்த ஊருக்கு வழி சொல்லுங்க தம்பி" என்றார்.

ஒரு விஷயம் எனக்கு அங்கேதான் புரிந்தது. மீனவக் கிராமங்களில் ஊர்ப் பஞ்சாயத்து ஏற்கெனவே இருந்தது. எந்த வீட்டில் யார் போனார்கள், யார் மிச்சம் என்ற கணக்கு அவர்களிடம் இருந்தது. வந்ததைப் பங்கு வைக்கும் முறையும் அவர்களுக்கு உண்டு. நாங்கள் புதிதாக ஒரு பட்டியல் போடப் போய், இரண்டு நாளை வீணாக்கிய பிறகுதான் அந்தப் பஞ்சாயத்தின் தலைவர்களான நாட்டாரிடம் போய்க் கேட்டோம். முதல் நாளே கேட்டிருக்க வேண்டும்.

விசில்

பேரிடர் நேரத்தில் உதவ ஊர் மக்களைப் பழக்கும் ஆப்தமித்ரா திட்டத்தில் 12 நாள் பயிற்சி எடுத்த தன்னார்வலர் நான். பயிற்சியில் விசில் சைகை கற்றுக்கொடுத்தார்கள். நீளமாக ஒன்று என்றால் எல்லோரும் வேலையை நிறுத்தி நிசப்தமாக இருக்க வேண்டும். நீளமாக ஒன்று, குட்டையாக ஒன்று என்றால் மறுபடி தொடங்கலாம். குட்டையாக மூன்று என்றால் உடனே வெளியேற வேண்டும்.

போன மழைக்கு எங்கள் பக்கத்தில் ஒரு ஓட்டு வீடு இடிந்தது. உள்ளே ஒரு அம்மா. ஊரே கூடி ஆளுக்கொரு பக்கம் தோண்டுகிறது, ஜேசிபி வேறு உறுமிக்கொண்டிருக்கிறது. தீயணைப்பு வண்டி வந்து, பொறுப்பாளர் இறங்கி, சுற்றிப் பார்த்துவிட்டு நீளமாக ஒரு விசில் அடித்தார். அதன் அர்த்தம் அங்கே எனக்கு மட்டும்தான் தெரியும். ஓடிப்போய் ஜேசிபி டிரைவரை நிறுத்தச் சொன்னேன். மற்றவர்களைக் கையெடுத்துக் கும்பிட்டு அமைதியாக இருக்கச் சொன்னேன்.

மழைச் சத்தம் மட்டும் இருந்தது. அப்புறம் சமையலறைப் பக்கமிருந்து, பாத்திரத்தில் எதையோ வைத்துத் தட்டுகிற சத்தம் கேட்டது. நாங்கள் அதுவரை தோண்டிக்கொண்டிருந்தது திண்ணைப் பக்கம்.