குள்ளத்தாராவின் வெள்ளைக் கழுத்தும் காலை வெயிலும்

பட்டர்வொர்த்திலிருந்து:

அனைவருக்கும் வணக்கம். பினாங்கின் நிபோங் திபால் பக்கம் உள்ள புலாவ் பூரோங்கில் குள்ளத்தாரா என்னும் சிறு வாத்துகளைப் படமெடுத்த அனுபவத்தை இங்கே எழுதுகிறேன். அருகிலேயே குப்பை கொட்டும் நிலம் இருப்பதால், காற்று திசை மாறினால் மூக்கைப் பொத்திக்கொண்டுதான் நிற்க வேண்டியிருக்கும். ஆனாலும் அங்குள்ள நீர்நிலைகளில் கிடைக்கும் நெருக்கம் வேறெங்கும் எனக்குக் கிடைத்ததில்லை.

ஆண் குள்ளத்தாராவின் முகமும் கழுத்தும் நல்ல வெள்ளை. கழுத்தடியில் கறுப்பு வளையம். முதுகோ பச்சை மினுங்கும் கருமை. பறவை சிறியது. கருந்தண்ணீரும் தாமரை இலைகளுமே படத்தின் பெரும்பகுதியை நிறைப்பதால், கேமராவின் ஒளியளவி அந்தக் கருமையை நடுத்தர வெளிச்சத்துக்குத் தூக்கப் பார்க்கிறது. அதில் கழுத்தின் இறகுகள் அடிபட்டுப்போகின்றன. ஒளி சரியாக அமைந்த படத்தைக் கணினியில் முழு அளவுக்குப் பெரிதாக்கினால், கன்னத்துக்குக் கீழே இறகுகள் ஒன்றன்மேல் ஒன்று படிந்த வரிகளும், தண்ணீர் தொட்ட இடத்தில் அவை நனைந்து ஒட்டியிருப்பதும் தெரியும். ஒளி மிகுந்த படத்தில் அந்த இடம் சுண்ணாம்பு அடித்த சுவர்தான்.

பினாங்கில் ஆண்டு முழுவதும் சூரியன் 7 மணிக்குப் பிறகே உதிக்கிறது. உதித்த பின் ஏறக்குறைய செங்குத்தாக, மணிக்குச் சுமார் 15 பாகை வீதம் ஏறிவிடுவதால், இதமான வெயில் எட்டரை மணிக்கெல்லாம் முடிந்துவிடுகிறது. அதற்கு மேல் நான் தானியங்கி முறையை நம்புவதில்லை. மேகமற்ற வெயிலில் லென்ஸின் திறப்பை எஃப்/16 வைத்து, ஐஎஸ்ஓ (ஒளியுணர்வு) எண்ணையே ஷட்டர் வேகத்தின் கீழ் எண்ணாக்கும் பழைய கணக்கிலிருந்து, வெள்ளை நிறத்துக்காக 2/3 ஸ்டாப் இறக்கி (ஒரு ஸ்டாப் இறக்கினால் ஒளி பாதியாகும், கூட்டினால் இரட்டிப்பாகும்), ஐஎஸ்ஓ 400, எஃப்/6.3, 1/4000 நொடி என்று கையாலேயே அமைத்துவிடுகிறேன். பின்னணி தண்ணீரிலிருந்து நாணலுக்கு மாறினாலும், பறவைமீது விழும் வெயில் மாறாதவரை இந்த அளவை மாற்ற வேண்டியதில்லை. ஆண் பறவை எழும்பும்போது, அதுவரை மடிந்திருந்த சிறகின் வெள்ளைப் பட்டை சட்டென்று விரியும். அந்த நேரத்தில் எதையும் திருகிக்கொண்டிருக்க முடியாது.

தண்ணீரில் வெயில் பட்டுத் தெறிக்கும் மினுக்கம் வெளுத்துப்போனால் போகட்டும். அதில் காட்டுவதற்கு ஒன்றுமில்லை. ஒளி மிகுந்து வெளுத்த இடங்களைக் காட்டும் கேமராத் திரையின் எச்சரிக்கைச் சிமிட்டல் கழுத்தின்மீது தெரிந்தால் மட்டுமே இன்னும் 1/3 ஸ்டாப் குறைக்கிறேன்.

கோலாலம்பூரிலிருந்து:

ஐயா, தங்கள் கணக்கு வெள்ளைப் பறவைக்குச் சரியாகப் பொருந்தும். நான் போவது டெங்கிலில் உள்ள பாயா இண்டா ஈரநிலத்துக்கு. பழைய ஈயச் சுரங்கக் குளங்கள்தாம் அங்கே ஏரிகளாகி இருக்கின்றன. அங்கு கிடைக்கும் சீழ்க்கைச் சிறகி என்னும் வாத்து பழுப்பு நிறம் என்பதால், வெளிறிய வானத்தின் முன்னே அது கூட்டமாகப் பறக்கும்போது சிக்கல் தலைகீழாகிவிடுகிறது: ஒளியளவி வானத்தைக் காப்பாற்றிவிட்டுப் பறவையைக் கரிய நிழலாக்கிவிடும். வானம் வெளுத்தாலும் பரவாயில்லை என்று ஒரு ஸ்டாப் கூட்டித்தான் எடுக்கிறேன்.

ஒன்றை மட்டும் சேர்த்துச் சொல்ல விரும்புகிறேன். சூரியன் தாழ்ந்திருக்கும் செந்நிற வெயிலில், இந்தப் பறவையின் செம்பழுப்பு இறகில் சிவப்பு நிறமே முதலில் கேமரா பதியக்கூடிய எல்லையைத் தாண்டுகிறது; படத்தின் வெளிச்ச அளவுகளை வரைபடமாகக் காட்டும் ஒற்றை ஹிஸ்டோகிராம் அதைக் காட்டாமல் மறைத்துவிடும் என்பதால், சிவப்பு, பச்சை, நீலம் என மூன்று நிறங்களையும் தனித்தனியாகக் காட்டும் ஹிஸ்டோகிராமைத்தான் நான் பார்க்கிறேன். கேமரா சுருக்கித் தரும் ஜேபெக் கோப்பில் ஒரு நிறத்துக்கு 256 படிகளே உண்டு. உணரி பதிந்ததை அப்படியே வைத்திருக்கும் 14 பிட் ரா கோப்பில் 16,384 படிகள் இருப்பதால் கொஞ்சம் மீட்டெடுக்கலாம். மூன்று நிறங்களும் சேர்ந்து எல்லையைத் தாண்டிய இடத்திலோ, மென்பொருளில் எவ்வளவு இழுத்தாலும் சாம்பல் பூச்சுதான் மிஞ்சும்.

போலரைசர் வடிகட்டி தாமரை இலைகளின் பளபளப்பை நன்றாகவே அடக்குகிறது. ஆனால் அது ஒன்றரை ஸ்டாப் அளவுக்கு ஒளியை விழுங்கிவிடுவதால், அமர்ந்திருக்கும் பறவைக்கு மட்டும் அதை மாட்டுகிறேன். கூட்டம் சீழ்க்கையடித்துக்கொண்டு கிளம்பும் அறிகுறி தெரிந்தால் கழற்றிவிடுகிறேன்.