சிவப்பு விளக்கில் ஹார்ன் அடிப்பவர்களையும் பாதி வேலையை விட்டுப் போகிறவர்களையும் எப்படிச் சமாளிக்கிறீர்கள்?

விருதம்பட்டுவாசி கேட்டது:

வேலூரில் பெரிய மருத்துவமனையை ஒட்டிய சந்து ஒன்றில், ஒரு லாட்ஜின் வரவேற்பு மேசையில் பதினோரு ஆண்டுகளாக வேலை பார்க்கிறேன். எங்களிடம் வந்து தங்குகிறவர்கள் ஊர் சுற்றிப் பார்க்க வந்தவர்கள் அல்லர். மேற்கு வங்கத்திலிருந்தும் ஜார்க்கண்டிலிருந்தும் அசாமிலிருந்தும் வங்கதேசத்திலிருந்தும் வைத்தியத்துக்காக வருகிறவர்கள். காட்பாடியில் ரயிலை விட்டு இறங்கி, ஒரு கையில் எக்ஸ்ரே உறையும் மறுகையில் அரிசிப் பையுமாக வந்து நிற்பார்கள். சாவியைக் கொடுப்பதோடு என் வேலை முடிவதில்லை. அடுப்பும் பாத்திரமும் எங்கே வாடகைக்குக் கிடைக்கும், மீன் எங்கே வாங்கலாம், காலையில் ரத்தம் கொடுக்க எந்த வாசல் வழியாகப் போக வேண்டும், எல்லாம் சொல்ல வேண்டும். இந்தியும் கொஞ்சம் வங்காளமும் அப்படித்தான் எனக்கு வந்தன.

இவ்வளவு பேருடைய நோயையும் கவலையையும் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்க என்னால் முடிகிறது. ஆனால் இரண்டு விஷயங்கள் நாள்தோறும் என்னை அரிக்கின்றன.

முதலாவது, ஷிப்ட் மாறும் நேரம். மதியம் இரண்டு மணிக்கு எனக்கு முன்னால் இருந்தவர் எழுந்து போவார். செருப்பை மாட்டிக்கொண்டே, "204இல் ஏதோ கேட்டார்கள், பார்த்துக்கொள்ளுங்கள்" என்பார். என்ன கேட்டார்கள்? யார் கேட்டார்கள்? அதற்குள் அவர் தெருமுனைக்குப் போயிருப்பார். வெளிநாட்டவர் வந்து தங்கினால் 24 மணி நேரத்துக்குள் அவர்களுடைய விவரத்தை இணையத்தில் பதிய வேண்டும். நாங்கள் அதை சி படிவம் என்போம். பாஸ்போர்ட் நகலை மேசை இழுப்பறையில் போட்டுவிட்டு ஒரு வார்த்தைகூடச் சொல்லாமல் போய்விடுவார். நான் வேறு எதையோ தேடும்போது அது கையில் தட்டுப்படும். அப்போது கெடு முடிய ஒரு மணி நேரம் இருக்கும்.

போன மாதம் நடந்ததைச் சொல்ல வேண்டும். வங்கதேசத்திலிருந்து ஒரு பெண்மணி, கணவருக்கு அறுவை சிகிச்சை. காலையிலேயே 2,000 ரூபாய் முன்பணம் கட்டியிருக்கிறார். பேரேட்டில் எழுதவில்லை, ரசீதும் போடவில்லை. சாயங்காலம் நான் அவரைக் கூப்பிட்டு முன்பணம் கேட்டேன். அவர் எதிர்த்து ஒரு சொல் பேசவில்லை. இந்த ஊரில் இரண்டு முறை கட்ட வேண்டும்போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டார். சேலைத் தலைப்பு முடிச்சை அவிழ்த்து, நூறும் ஐம்பதுமாக எண்ணி மேசைமேல் வைத்தார். இரவு எட்டு மணிக்கு அந்த ஊழியர் போனை எடுத்து, "ஆமாம், வாங்கினேன், எழுத மறந்துவிட்டேன்" என்றார். மேலே ஓடிப்போய்ப் பணத்தைத் திருப்பிக் கொடுத்தேன். அந்த முகம் இன்னும் கண்ணில் நிற்கிறது.

இரண்டாவது, சாலை. பாலாற்றுப் பாலத்தைத் தாண்டித்தான் தினமும் வேலைக்கு வருகிறேன். பெண்கள் மட்டும் நிற்கும் நிறுத்தத்தில் சில பேருந்துகள் நிற்பதில்லை. முப்பதடி தள்ளி நிறுத்துவார்கள், நாங்கள் ஓட வேண்டும். அதையாவது பொறுத்துக்கொள்ளலாம். சிக்னலில் சிவப்பு எரிந்துகொண்டிருக்கும், இன்னும் பன்னிரண்டு விநாடி என்று எண் ஓடிக்கொண்டிருக்கும், அப்போதே பின்னால் ஹார்ன் தொடங்கிவிடும். முன்னால் இருப்பவர் எங்கே போவார்? செவ்வாய்க்கிழமை காலையில் சாலையைக் கடந்துகொண்டிருந்த ஒரு பெண், வயிற்றில் தையல் போட்டவர், ஹார்ன் சத்தத்தில் துள்ளி, இரண்டு கையாலும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு நடுச்சாலையில் நின்றுவிட்டார். அவருக்குக் கடக்க உரிமை இருந்த நேரம் அது.

வாயைத் திறந்து கேட்டால் சண்டையாகிறது. கேட்காமல் விழுங்கினால் அந்தக் கோபம் வீட்டில் பிள்ளைகள்மேல் இறங்குகிறது. நீங்கள் என்ன செய்கிறீர்கள்?


இரண்டு விசில் எழுதியது:

அம்மா, நான் நகரப் பேருந்தில் பத்தொன்பது ஆண்டுகளாக நடத்துநர். நிறுத்தத்தில் நிற்காமல் போவது தவறு. அதற்கு நான் நியாயம் சொல்ல மாட்டேன். 2021 மே மாதத்திலிருந்து சாதாரண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. ஆனாலும் ஒவ்வொருவருக்கும் கட்டணமில்லா டிக்கெட்டைக் கொடுத்துத்தான் கணக்கு முடிக்கிறோம். அந்தச் செலவை அரசு ஈடுகட்டுகிறது. ஆகவே பெண்களை ஏற்றாமல் போவதால் யாருக்கும் ஒரு பைசா மிச்சமில்லை. அது வெறும் அலட்சியம். என் வண்டியில் நான் விடுவதில்லை.

என்னை வருத்துவது வேறொன்று. ஒரு விசில் என்றால் நில், இரண்டு விசில் என்றால் கிளம்பு. இது எனக்கும் ஓட்டுநருக்கும் இடையிலான பேச்சு. படியில் நிற்கும் யாராவது பேருந்தின் தகட்டை இரண்டு தட்டுத் தட்டுவார்கள். நேதாஜி மார்க்கெட் பக்கத்தில் ஒருநாள் கீரைக் கூடையோடு ஒரு பாட்டி இறங்கிக்கொண்டிருந்தார். ஒரு கால் படியில், ஒரு கால் காற்றில். பின்படியில் நின்ற பையன் தட்டிவிட்டான். ஓட்டுநர் என் விசில் என்றே நினைத்து நகர்த்திவிட்டார். பாட்டி முழங்காலில் விழுந்தார். கீரை முழுவதும் சக்கரத்தடியில். அந்தப் பையன் கெட்டவன் அல்லன், அவனே ஓடிப்போய்த் தூக்கினான். ஆனால் முழங்கால் முழங்கால்தானே?

அன்றிலிருந்து ஒவ்வொரு நடையும் கிளம்பும்போதே, "யாரும் தகட்டைத் தட்டாதீர்கள், என் விசில் மட்டும் போதும்" என்று உரக்கச் சொல்லிவிடுகிறேன். தட்டிய பிறகு சொன்னால் அது திட்டாகிவிடுகிறது, அவர்கள் முறைக்கிறார்கள். தட்டுவதற்கு முன்னால் சொன்னால் கேட்டுக்கொள்கிறார்கள். உங்கள் மேசைக்கும் இது பொருந்தும் என்று நினைக்கிறேன். இரண்டு மணிக்கு அவர் செருப்பை மாட்டும்போது கேட்காதீர்கள். ஒன்றே முக்காலுக்கே போய்ப் பக்கத்தில் உட்காருங்கள்.


வாலாஜாக்காரர் எழுதியது:

ராணிப்பேட்டை பக்கம் ஒரு ஷூ தொழிற்சாலையில் தோல் வெட்டும் பிரிவில் மேற்பார்வையாளராக இருக்கிறேன். உங்கள் 2,000 ரூபாய்க் கதையைப் படித்ததும் எங்கள் மேசைதான் நினைவுக்கு வந்தது.

ஒரு தோலில் எல்லா இடமும் ஒன்றல்ல. முதுகுப் பகுதி இறுக்கமாக இருக்கும். வயிற்றுப் பகுதி தளர்ந்து இழுபடும். கழுத்தில் சுருக்கம் இருக்கும். ஷூவின் முன்பக்கம், நடக்கும்போது மடிகிற இடம், முதுகுப் பகுதியிலிருந்துதான் வர வேண்டும். நாக்கு மாதிரியான மறைவான துண்டுகளை வயிற்றுப் பகுதியில் வெட்டிக்கொள்ளலாம். அவசரக்காரர் என்ன செய்வார் தெரியுமா? கைக்கு எளிதாக இருக்கிறதென்று சின்னத் துண்டுகளை முதுகிலேயே வெட்டிக் கணக்கை ஏற்றிக்கொண்டு தேநீருக்குப் போய்விடுவார். அடுத்தவருக்கு வயிறுதான் மிஞ்சும். அதில் வெட்டிய முன்பக்கத்தைக் கால் வடிவ அச்சில் இழுத்துப் பூட்டும்போது சுருக்கம் விழும். அங்கே நிற்கும் பெண் திட்டு வாங்குவார். வெட்டியவர் யாரென்றே தெரியாது. ஒரு மாட்டின் தோல் வீணானதுபற்றி யாருக்கும் ஒரு வருத்தமும் இருக்காது. அதுதான் எனக்குத் தாங்காது.

மூன்று ஆண்டுகளுக்கு முன்னால் ஒரு பழக்கம் கொண்டுவந்தேன். ஒவ்வொரு கட்டின் பின்பக்கத்திலும் வெட்டியவர் தன் எண்ணைச் சாக்கட்டியால் எழுத வேண்டும். முதல் மாதம் எல்லோரும் முகத்தைத் தூக்கிக்கொண்டார்கள். இப்போது நான் கேட்காமலே எழுதுகிறார்கள். நல்ல வெட்டுக்கும் பேர் கிடைக்கிறது அல்லவா, அது அவர்களுக்குப் பிடித்துவிட்டது. நீங்களும் முன்பணம் வாங்கியவர் பேரேட்டில் கையெழுத்துப் போடும்படி செய்யுங்கள்.

சாலையைப்பற்றிக் கேட்டீர்கள். இரவுப் பணி முடித்து நெடுஞ்சாலையின் சர்வீஸ் ரோட்டில் மோட்டார் சைக்கிளில் திரும்புகிறேன். எதிரே வருகிறவர் விளக்கைத் தாழ்த்துவதே இல்லை. தாழ்த்த வேண்டும் என்பது சட்டம். அதிலும் அரை கிலோமீட்டர் சுற்றப் பிடிக்காமல் எதிர்த்திசையில் வருகிறவரே முழு வெளிச்சத்தைப் போட்டுக்கொண்டு வருவார். நான் வேகத்தைக் குறைத்து ஓரமாக நின்றுவிடுகிறேன். வேறு வழி எனக்குத் தெரியவில்லை.


ஆற்காடு ஆசிரியை எழுதியது:

எங்கள் ஆசிரியர் அறையில் ஒருவர் மதிய உணவு நேரம் முழுவதும் செல்போனில் காணொளியைச் சத்தமாக வைத்துக் கேட்பார். நாற்பது நிமிடம்தான் எங்களுக்கு அமைதி. நான் ஒரு இயர்போன் வாங்கி அவர் பிறந்தநாளுக்குக் கொடுத்தேன். மகிழ்ச்சியோடு வாங்கிக்கொண்டார். இப்போது அதைப் போட்டுக்கொண்டுதான் கேட்கிறார்.


தொரப்பாடி ஆட்டோ எழுதியது:

சகோதரி, ஹார்ன் அடிப்பவர்கள் எல்லோரும் இரக்கம் இல்லாதவர்கள் என்பதுபோல் படித்தவுடன் எனக்குப் பட்டது. என் பக்கத்தையும் கேளுங்கள். வாரம் மூன்று நாள் டயாலிசிஸ் செய்துகொள்ளும் ஒருவரை நான்தான் ஏற்றி வந்து இறக்குகிறேன். திரும்பும்போது அவருக்குத் தலை நிற்காது. உங்கள் சந்தில் இரண்டு பக்கமும் மோட்டார் சைக்கிள், நடுவில் வாழைப்பழ வண்டி, அதைச் சுற்றிப் பத்துப் பேர். ஹார்ன் அடிக்காமல் எப்படி வழி கேட்பேன்? இறங்கிக் கும்பிட்டால் அவர் வண்டியில் சாய்ந்துவிடுவார்.

சிவப்பு விளக்கில் அடிப்பது வேறு. அதை நானும் ஒப்புக்கொள்ள மாட்டேன். லாரிக்காரர்கள் மாட்டும் பலகுரல் ஹார்ன் சட்டப்படி கூடாதது. அது என் காதையும்தான் கிழிக்கிறது.

எனக்கு எரிச்சல் தருவது எது என்று கேட்டால், உங்களைப்போன்ற மேசையிலிருந்து வரும் போன்தான். "வாசலுக்கு வாருங்கள், இறங்கிக்கொண்டே இருக்கிறார்கள்" என்பார்கள். போனால் இருபது நிமிடம் ஆகும். மேலே அப்போதுதான் பெட்டி கட்டிக்கொண்டிருப்பார்கள். நான் சந்தை அடைத்துக்கொண்டு நிற்பேன். பின்னால் வருகிறவர் எனக்கு ஹார்ன் அடிப்பார். அந்த ஹார்ன் எங்கிருந்து தொடங்கியது என்று நீங்களே பாருங்கள்.


விருதம்பட்டுவாசி மீண்டும் எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. மூன்று வாரம் கழித்து எழுதுகிறேன்.

ஆட்டோ அண்ணா, நீங்கள் சொன்னது சரி. பதினோரு ஆண்டில் எத்தனை முறை அப்படி அழைத்திருப்பேன்! வண்டி வந்து நின்றால் இவர்கள் சீக்கிரம் இறங்குவார்கள் என்று நினைத்துத்தான் செய்தேன். உங்கள் நேரத்தை நான் எண்ணிப் பார்க்கவே இல்லை. என்னை மன்னிக்க வேண்டும்.

ஹார்ன் விஷயத்தில் மட்டும் நான் பாதிதான் இறங்கி வருவேன். நோயாளியை வைத்துக்கொண்டு வழி கேட்பவரை இனி முறைக்க மாட்டேன். ஆனால் தேவையில்லாமலும் விடாமலும் அடிப்பதற்கு மோட்டார் வாகனச் சட்டத்தின் 194எஃப் பிரிவில் முதல் முறை 1,000 ரூபாய், மறுமுறை 2,000 ரூபாய் அபராதம் இருக்கிறது. 2000ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகளின்படி மருத்துவமனையைச் சுற்றி 100 மீட்டருக்குக் குறையாத இடத்தை அமைதிப் பகுதியாக அறிவிக்கலாம். அங்கே பகலில் 50 டெசிபல், இரவில் 40 டெசிபல்தான் வரம்பு. இதையெல்லாம் எடுத்துப் படித்த பிறகு, நான் ஆசைப்படுவது அதிகப்படியானது அன்று என்ற தைரியம் வந்தது. இப்போது சிக்னலில் நிற்கும்போது பின்னால் ஹார்ன் கேட்டால் திரும்பி, ஓடுகிற எண்ணைக் கையால் காட்டி, "அண்ணா, இன்னும் ஒன்பது விநாடி" என்று மட்டும் சொல்கிறேன். சிலர் கையை எடுத்துவிடுகிறார்கள். சிலர் இன்னும் பலமாக அடிக்கிறார்கள். நேற்று ஒருவர் தலையில் கைவைத்து மன்னிப்புக் கேட்பதுபோல் சைகை செய்தார்.

மேசையில் ஒரு நீளமான நோட்டுப் புத்தகம் வைத்திருக்கிறேன். அறை எண், என்ன பாக்கி, யார் கையெழுத்து. நடத்துநர் அண்ணா சொன்னபடி ஒன்றே முக்காலுக்கே போய் உட்காருகிறேன். முதல் நாள் அந்த ஊழியருக்குக் கோபம் வந்தது. "பணத்தை எடுத்துக்கொண்டேன் என்கிறீர்களா அக்கா?" என்றார். இல்லை, அந்தப் பெண்மணி முடிச்சை அவிழ்த்ததை நீ பார்க்கவில்லை, நான் பார்த்தேன், அதனால்தான் என்றேன். எப்படி எண்ணி வைத்தார் என்பதையும் சொன்னேன். அவர் பதில் பேசாமல் கையெழுத்துப் போட்டார். சில நாள் இன்னும் மறந்துவிடுகிறார். ஆனால் சி படிவம் இந்த மூன்று வாரத்தில் ஒருமுறைகூடத் தங்கவில்லை.

வெள்ளிக்கிழமை 204இல் இருந்தவர்கள் ஊருக்குக் கிளம்பினார்கள். கணவர் மெதுவாகத் தாமே படியிறங்கினார். அந்தப் பெண்மணி கணக்கு ரசீதைக் கேட்டு வாங்கி, நான்காக மடித்து, சேலைத் தலைப்பில் முடிந்துகொண்டார். பெட்டி இரண்டும் கீழே வந்து சேர்ந்த பிறகுதான் ஆட்டோவுக்குப் போன் செய்தேன்.