கோண்டாவில் குடும்பம்: பெரியம்மாவுக்கு பூஸ்டர் எப்ப?

நிஷா: பெரியம்மாவுக்கு கொவிட் பூஸ்டர் போடுறதோ விடுறதோ? மார்புக் கான்சருக்கு தெல்லிப்பளை ஆசுபத்திரியில கீமோ ஓடுது, 21 நாளுக்கு ஒருக்கா. ஒப்பரேசன் இடப்பக்க மார்பில, கமக்கட்டு நெறியும் (நிணநீர்க் கணு) எடுத்தவை.

தேவி மாமி: அவவின்ர உடம்பு மருந்தில வெந்துபோய்க் கிடக்கு பிள்ளை. அதுக்கு மேல கிருமியை ஏத்தினா தாங்குமோ? முந்தி மூண்டு ஊசி போட்டவதானே.

சாந்தி அக்கா: மாமி, கேக்கவேண்டிய கேள்விதான். உயிர்க்கிருமி இருக்கிற ஊசியள் இருக்கு: சின்னமுத்துக்குப் போடுற எம்.எம்.ஆர், கொப்பளிப்பான் ஊசி, மூக்குக்குள்ள விசிறுற புளூ மருந்து. அதுகள் கீமோ நேரம் கூடாது, முடிஞ்சும் குறைஞ்சது 3 மாதம் பொறுக்கவேணும். ஆனா பைசர் கொவிட் ஊசியிலயும் கையில போடுற புளூ ஊசியிலயும் உயிர்க்கிருமி இல்லை. அதுகளால கொவிட்டோ புளூவோ வராது.

சாந்தி அக்கா: முந்திப் போட்டதின்ர பலன் மாதக்கணக்கில இறங்கும். கிருமியும் மாறிப்போச்சு. அதாலதான் எதிர்ப்புச்சக்தி குறைஞ்ச ஆக்களுக்கு கடைசி ஊசி போட்டு 6 அல்லது 12 மாதத்தில இன்னொண்டு எண்டு உலக சுகாதார நிறுவனம் 2023இல சொன்னது.

ரவி அண்ணை: போடுறதோ விடுறதோ எண்டதை விட எந்த நாள் எண்டதைப் பாருங்கோ. கீமோ ஏத்தி 7இல இருந்து 14ஆம் நாள் வரைக்கும்தான் வெள்ளை அணு அடியில கிடக்கும். அப்ப போட்டா பலனும் குறைவு, காய்ச்சல் வந்தா எதால வந்ததெண்டும் தெரியாது. கீமோவோட குடுக்கிற டெக்சாமெதசோன் எண்ட ஸ்டீராய்ட் மருந்தும் ஊசியின்ர வேலையைக் கொஞ்சம் மழுக்கும். அடுத்த கீமோவுக்கு முதல் எஃப்.பி.சி (ரத்த அணுக்களை எண்ணிற சோதனை) எடுப்பினமெல்லோ, அந்த ரிப்போட் வந்த கையோட, 17, 18ஆம் நாள் அளவில கேளுங்கோ. கடைசி முடிவு கான்சர் டொக்டரின்ர.

நிஷா: எந்தக் கையில?

சாந்தி அக்கா: வலது. நெறி எடுத்த இடது கையில வேண்டாம். ரெண்டு பக்கமும் எடுத்த ஆக்களெண்டா துடையில போடலாம். பிளேட்லெட் (ரத்தத்தை உறைய வைக்கிற அணு) குறைவெண்டா முதலே சொல்லுங்கோ, மெல்லிய ஊசியால போடுவினம். போட்ட இடத்தை 2 நிமிசம் அழுத்திப் பிடிக்கவேணும். தேய்க்கக்கூடாது, தேய்ச்சா உள்ளுக்க ரத்தம் கண்டிப்போகும்.

தேவி மாமி: ஊசி போட்டா கான்சர் பரவுமெண்டு ஒரு குரல்பதிவு வந்தது. கேட்டாப்பிறகு நித்திரையே இல்லை.

ரவி அண்ணை: அது பொய், இனி ஒருத்தருக்கும் அனுப்பாதேங்கோ மாமி. சில பேருக்குப் போட்ட கைப்பக்கம் கமக்கட்டில நெறி வீங்கும். உடம்பு ஊசிக்கு வேலை செய்யுது எண்டதுதான் அது. அந்த நேரம் ஸ்கான் எடுத்தா ரிப்போட்டில நெறி பெருத்திருக்கெண்டு வரும், பாக்கிற ஆரும் பயப்படுவினம். அதால ஸ்கான், மமோகிராம் இருந்தா ஊசிக்கு முதலே எடுங்கோ, இல்லாட்டி போட்டு 4இல இருந்து 6 கிழமை விட்டு எடுங்கோ. அவசர ஸ்கானைப் பிற்போட வேண்டாம். எந்தக் கை, எந்தத் திகதி எண்டு கிளினிக் கொப்பியில எழுதிவிட்டாச் சரி.

சாந்தி அக்கா: இனி இதை எல்லாரும் வாசியுங்கோ. ஊசி போட்ட இரவு கை நோகும், உடம்பு அலுப்பா இருக்கும், ஒண்டு ரெண்டு நாளில போயிடும். ஆனா 100.4 பரனைற் தொட்டா "ஊசிக் காய்ச்சல்" எண்டு வீட்டில வைச்சிருக்காதேங்கோ. நியூட்ரோபில் (கிருமியோட சண்டை பிடிக்கிற வெள்ளை அணு) 500க்குக் கீழ போன ஆளுக்குக் கிருமித்தொற்று சில மணித்தியாலத்தில உயிராபத்தாப் போகும். விடியட்டும் எண்டு பாக்கக்கூடாது. பனடோல் குடுக்க முதல் தேர்மோமீற்றர் வையுங்கோ. முதலே குடுத்தா காய்ச்சல் மறைஞ்சிடும்.

குமார் சித்தப்பா: லிம்போமாவுக்கு (நிணநீர்க் கான்சர்) றிற்றுக்சிமாப் மருந்து ஏத்தினவைக்கும் இதே கணக்கோ?

ரவி அண்ணை: இல்லை சித்தப்பா. அந்த மருந்து எதிர்ப்பொருள் செய்யிற பி கலங்களையே துடைச்சுப்போடும். கடைசியா ஏத்தி 6 மாதம் போனாத்தான் ஊசிக்கு நல்லாப் பலன் வரும். மருந்து தொடர்ந்து ஓடுதெண்டா அடுத்த தரத்துக்கு 4 கிழமை முதல் போடலாமோ எண்டு டொக்டரைக் கேளுங்கோ. பலன் குறைவெண்டு விடவேண்டாம், கிருமியை எதிர்க்கிற மற்ற வெள்ளை அணுவான ரி கலங்கள் கொஞ்சமாவது பழகும்.

சாந்தி அக்கா: அப்பிடியான ஆக்களுக்கு வீட்டில இருக்கிறவைதான் வேலி. கூட இருக்கிற எல்லாரும் புளூ ஊசி போடுங்கோ, வருசத்துக்கு ஒருக்கா. மாரி தொடங்க முதல் போட்டா நல்லம், பலன் பிடிக்க 2 கிழமை எடுக்கும்.

நிஷா: சின்னவனுக்கு வாற மாதம் 18 மாத ஊசி இருக்கே அக்கா?

சாந்தி அக்கா: நல்ல நேரம் கேட்டாய். அதோட வாயில விடுற போலியோ சொட்டில உயிர்க்கிருமி இருக்கு, கிழமைக்கணக்கில மலத்தோட வெளியேறும். வீட்டில கீமோ ஆள் இருக்கிறா எண்டு குடும்பநல மாதுவிட்ட முதலே சொல்லு, சொட்டுக்குப் பதிலா ஊசி போடேலுமோ எண்டு எம்.ஓ.எச்சிட்ட (சுகாதார வைத்திய அதிகாரி) கேப்பா. எம்.எம்.ஆர் பிள்ளைக்குப் பயமில்லாமல் போடலாம். பம்பர்ஸ் மாத்திற வேலை பெரியம்மாவிட்டப் போகக்கூடாது, மாத்திறவை சோப் போட்டுக் கை கழுவவேணும்.

தேவி மாமி: பம்பர்ஸ் நான் பாக்கிறன். நிஷா, எஃப்.பி.சி எண்டைக்கு?