மனச்சிதைவுள்ள அண்ணனுக்கு 30 சதவீதம்தான் போட்டிருக்கிறார்கள், என்ன செய்வது?

கேள்வி:
அண்ணனுக்கு மனச்சிதைவு நோய் வந்து பத்து வருடத்துக்கு மேலாகிறது. மாத்திரையால் இப்போது அமைதியாக இருக்கிறார். ஆனால் அம்மா சொல்லாவிட்டால் குளிக்கமாட்டார், சாப்பிடக்கூட எழுந்து வரமாட்டார். வேலைக்குப் போவது நின்று ரொம்ப நாளாச்சு. யுடிஐடி என்ற மாற்றுத்திறனாளி அடையாள அட்டைக்காக மெடிக்கல் போர்டுக்கு அழைத்துப் போனேன். பெயர், ஊர், தேதி கேட்டார்கள். சரியாகச் சொன்னார். 30 சதவீதம் என்று சான்றிதழ் வந்திருக்கிறது. 40 இல்லாமல் எந்த உதவியும் கிடைக்காது என்கிறார்கள். மறுபடி கேட்கலாமா?

பதில்:
கேட்கலாம். 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 59ஆவது பிரிவு மேல்முறையீட்டுக்கு இடம் தருகிறது. அதற்கு முன் மதிப்பெண் கணக்கைப் பாருங்கள். மனநோய்க்கு ஐடியாஸ் என்ற அளவுகோல்தான். தன்னைப் பார்த்துக்கொள்வது, பிறரோடு பழகுவது, பேச்சும் புரிதலும், வேலை என நான்குக்கும் தலா 0 முதல் 4 வரை. நோய் எத்தனை வருடமாக இருக்கிறது என்பதற்குத் தனி மதிப்பெண்: 2 முதல் 5 வருடம் என்றால் 2, பத்தைத் தாண்டினால் 4. மொத்தம் 7 வந்தாலே 40 சதவீதம். அண்ணனுக்கு வருடக் கணக்கிலேயே 4 வரவேண்டுமே! எத்தனை வருடத்துச் சீட்டு காட்டினீர்கள்?

கேட்டவர்:
இப்போதைய டாக்டரின் சீட்டு மட்டும். மூன்று வருடத்துக்குத்தான் இருக்கும். முன்பு தனியாரிடம் பார்த்தோம்.

பதில்:
அப்படியென்றால் அங்கேயே 2 மதிப்பெண் போயிருக்கும். முதன்முதலில் சேர்த்த மருத்துவமனையில் டிஸ்சார்ஜ் சம்மரி கேட்டு வாங்குங்கள். பழைய டாக்டர், எந்த வருடத்திலிருந்து பார்த்தார் என்று லெட்டர்ஹெட்டில் எழுதிக் கொடுத்தாலும் உதவும்.

இன்னொருவர்:
என் மகளோடு போனவள் என்ற முறையில் சொல்கிறேன். அடுத்த முறை அம்மாவையும் அழைத்துப் போங்கள். டாக்டர் கேட்டதும் "இப்போ பரவாயில்லைங்க" என்று நம் வாயில் தானாக வந்துவிடும், அதைச் சொல்லவேண்டாம். குளிக்கிறாரா என்று கேட்டால், யார் எத்தனை முறை சொன்னபிறகு குளிக்கிறார் என்று சொல்லுங்கள். அதுதானே உண்மை! கூடப் பார்த்துக்கொள்பவர் சொல்வதையும் வைத்துத்தான் மதிப்பெண் போடுகிறார்கள்.

கேட்டவர்:
நன்றிங்க. அவர் செலவெல்லாம் நான்தான் பார்க்கிறேன். வரியில் ஏதாவது குறையுமா?

பதில்:
40 வந்துவிட்டால் குறையும். நம்மைச் சார்ந்திருக்கும் மாற்றுத்திறனாளியைப் பார்த்துக்கொள்வதற்கான வரிக்கழிவில் (1961 வருமான வரிச் சட்டத்தின் 80டிடி பிரிவு) உடன்பிறந்தவரும் சேர்த்தி. பழைய வரிமுறையில் இருந்தால் வரிக்குரிய வருமானத்தில் 75,000 ரூபாய் கழிக்கலாம், 80 சதவீதமோ அதற்கு மேலோ என்றால் 1,25,000. சான்றிதழில் செல்லுபடித் தேதி போட்டிருந்தால் அது முடியும் முன்பே புதுப்பிக்கக் கொடுத்துவிடுங்கள்.