கிணற்றடியில் மான்குட்டி, தாயைக் காணவில்லை. என்ன செய்யலாம்?

நெய்தல்_திருமலை:
வணக்கம். நாங்கள் திருகோணமலையில் டைக் வீதிப் பக்கம், பிரெட்ரிக் கோட்டை வாசலுக்கு நடை தூரத்தில் இருக்கிறோம். புள்ளி மான்கள் எங்களுக்குப் புதிதில்லை. விடியப் படலையைத் திறந்தால் வீதியில் ஏழெட்டு நிற்கும். பஸ் நிலையத்தடி வரைக்கும் போய் பழக்கடைத் தோலைத் தின்றுவிட்டு வரும். ஆனால் இந்தக் கிழமை இரண்டு விஷயங்கள் நடந்து மனம் பதறிப்போய் இருக்கிறது.

செவ்வாய்க்கிழமை, இன்னும் வெளிக்காத நேரம், அம்மா முற்றம் கூட்டப் போனார். பெரிய ஆண் மான் ஒன்று உடுப்புக் காயப்போடும் கொடியில் கொம்பு சிக்கி நின்றது. தம்பியின் சாரம் அதன் முகத்தை மூடிக் கிடந்தது. பாவம் என்று அம்மா சாரத்தை இழுத்திருக்கிறார். அது தலையைக் குனிந்து ஒரே பாய்ச்சல். கொம்பு நுனி அம்மாவின் முழங்கையைக் கிழித்துவிட்டது. கயிறு அறுந்து, மான் மதிலைத் தாண்டி ஓடிவிட்டது. நீல நைலோன் கயிற்றில் ஒரு முழம் இன்னும் அதன் இடது கொம்பில் தொங்குகிறது. நேற்றும் கண்டேன்.

இன்று காலை ஏழு மணிக்குக் கிணற்றடி வாழைக்குள் ஒரு குட்டி. பிறந்து இரண்டு மூன்று நாள் இருக்கும். காலை மடித்து, கழுத்தை நிலத்தோடு ஒட்டிப் படுத்திருக்கிறது. ஈ உட்கார்ந்தால் மட்டும் காது துடிக்கிறது. இப்போது மணி பன்னிரண்டு, தாயைக் காணவில்லை. பக்கத்து வீட்டு ஆச்சி பசுப்பால் காய்ச்சிக்கொண்டு வந்துவிட்டார். என் மகளுக்கு ஆறு வயது, பால் கொடுக்கச் சொல்லி அழுகிறாள். தெருவில் நாய்களும் நிற்கின்றன. தெரிந்தவர்கள் உடனே சொல்லுங்கள்.

பாலையூற்றுக்காரன்:
தங்கச்சி, பால் கொடுக்க வேண்டாம். முதலில் அதைச் செய்யுங்கள், மிச்சத்தைப் பிறகு வாசியுங்கள்.

நான் மிருக வைத்திய அலுவலகத்தில் வேலை செய்து ஓய்வு பெற்றவன். குட்டி அநாதையாகக் கிடக்கவில்லை, ஒளித்து வைக்கப்பட்டிருக்கிறது. பிறந்த புதிதில் தாயோடு ஓட அதற்குக் காலில் பலம் இல்லை. அதனால் தாய் ஒரு மறைவில் படுக்க வைத்துவிட்டு மேயப் போகும், இடையில் வந்து பால் கொடுக்கும். அசையாமல் கிடப்பதுதான் அதன் பாதுகாப்பு. உங்கள் வளவில் ஆட்கள் நடமாடினால் தாய் வெளியே எங்காவது நின்று பார்த்துக்கொண்டிருக்குமே தவிர உள்ளே வராது. எல்லோரும் வீட்டுக்குள் போங்கள். படலையை ஒரு ஆள் அகலத்துக்குத் திறந்து வையுங்கள். நாய்களைப் பார்த்துக்கொள்ள ஒருவர் மட்டும் வீதியில் தள்ளி நின்றால் போதும். இரவு முழுக்கத் தாய் வராவிட்டால், அல்லது குட்டி எழுந்து கத்திக்கொண்டு திரிந்தால், வனஜீவராசிகள் திணைக்களத்தின் 1992 என்ற தொலைபேசி இலக்கத்துக்கு அழையுங்கள். நீங்களே எடுத்து வளர்க்கலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். 1937ஆம் ஆண்டின் விலங்கின, தாவரப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டத்தின் கீழ் இவை பாதுகாக்கப்பட்ட விலங்குகள்.

அம்மாவின் காயத்தை சவர்க்காரம் போட்டு ஓடும் தண்ணீரில் நன்றாகக் கழுவி, ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போய் ஏற்பு (டெட்டனஸ்) ஊசி போடுங்கள். கீறல்தானே என்று விடாதீர்கள்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். மேற்கிலிருந்து வறண்ட கச்சான் காற்று வீசும் மாதங்களில் கோட்டைப் புல் கருகிவிடும். அப்போதுதான் அவை ஊருக்குள் கூடுதலாக வரும். நாங்கள் பாவம் பார்த்து, பொலித்தீன் பையோடு வாழைப்பழத் தோலை வீசுகிறோம். ஒருமுறை செத்த பெண் மான் ஒன்றை வெட்டிப் பார்த்தபோது பக்கத்தில் நின்றேன். இரைப்பைக்குள் தேங்காய் அளவில் ஒரு உருண்டை. கழுவி விரித்தால் சொப்பிங் பேக், கற்பூரப் பக்கெட்டின் உறை, பூமாலை கட்டிய நூல். அசைபோடும் விலங்கின் வயிற்றில் அது போனால் கீழேயும் இறங்காது, கரையவும் கரையாது. வயிறு நிரம்பியபடியே பட்டினியில் சாகும். அந்த உருண்டையைப் பார்த்த நாளிலிருந்து கோட்டைக்குள் இருக்கும் கோணேஸ்வரக் கோயிலுக்குப் போனால் அர்ச்சனைப் பையை வீட்டுக்கே கொண்டு வருகிறேன்.

உவர்மலை_கல்கரி:
அக்கா, நான் உவர்மலையில் பிறந்து இப்போது கனடாவில் இருக்கிறேன். இங்கே பான்ஃப் நகரத்தில் எல்க் என்ற பெரிய மான் இப்படித்தான் வீட்டு முற்றத்துக்கு வரும். ஆண் 300 கிலோவுக்கு மேல் இருக்கும். செப்டெம்பரில் அதற்கு இணைசேரும் காலம், விசில் மாதிரிக் கூவிக்கொண்டு ஆளையும் துரத்தும், காரையும் முட்டும். மே, ஜூனில் குட்டி போட்ட தாய் முன்னங்காலால் அடிக்கும். 30 மீற்றர் தள்ளி நில் என்பது இங்கே சட்டம் மாதிரி, மூன்று பஸ் நீளம் என்று பிள்ளைகளுக்கும் சொல்லிக் கொடுக்கிறார்கள். கொம்பில் கயிறு, வேலிக் கம்பி சிக்குவதும் உண்டு. அதிகாரிகள் மயக்க ஊசி போட்டுத்தான் எடுப்பார்கள், வேறு யாரும் கிட்டப் போவதில்லை. நம் ஊர் மான் சிறியது என்றாலும் கொம்பு கொம்புதான்.

பாலையூற்றுக்காரன்:
தம்பி சொல்வது சரி. வெள்ளைக்காரர் காலத்தில் நுவரெலியாப் பக்கம் மரை என்ற பெரிய மானைத்தான் எல்க் என்றார்கள், கனடா எல்க் வேறு விலங்கு. ஒரு வித்தியாசம்: நம் புள்ளி மானுக்கு இணைசேர ஒரே பருவம் என்று கிடையாது. கடினமான கொம்போடு ஆண் எந்த மாதமும் நிற்கும். ஆகவே வருடம் முழுக்க எட்ட நில்லுங்கள். கொடிக் கயிற்றை இரவில் கழற்றி வையுங்கள், அல்லது கொம்புக்கு எட்டாத உயரத்தில் கட்டுங்கள். அந்த நீலக் கயிறு ஏதாவது கிளையில் மாட்டினால் மான் நின்ற இடத்திலேயே செத்துவிடும், அதையும் 1992க்கு அறிவியுங்கள்.

நெய்தல்_திருமலை:
ஐயா, நன்றி. நீங்கள் சொன்னபடியே செய்தோம். குசினி யன்னலைச் சாத்தி, இடுக்கு வழியாக நானும் மகளும் பார்த்துக்கொண்டு இருந்தோம். பின்னேரம் ஆறே முக்காலுக்குத் தாய் படலையடியில் வந்து நின்றது. உள்ளே வரக் கால் மணித்தியாலம் எடுத்தது. இரண்டு அடி வைக்கும், திரும்பிப் பார்க்கும். குட்டி தானாக எழும்பி, கால் தடுமாறிப் போய் முட்டிக் குடித்தது. மகள் மூச்சு விடவில்லை. குடித்து முடித்ததும் இரண்டும் கடற்கரைப் பக்கம் போய்விட்டன.

அம்மாவுக்கு ஊசி போட்டாயிற்று. கயிற்று மானைப் பற்றி 1992க்கும் சொல்லிவிட்டேன். கோட்டைக்குள்ளோ மெக்கெய்சர் மைதானப் பக்கமோ, இடது கொம்பில் நீல நைலோன் தொங்கும் ஆண் மானைக் கண்டால், கிட்டப் போகாமல், இடமும் நேரமும் இங்கே எழுதுங்கள்.