மெசா பக் ரிப்போர்ட்: "மெயின் பிராஞ்சில் வருகிறதா?" என்று கேட்கிறார்கள், என்ன செய்வது?

குமிழன்
டெபியன் 12 லினக்ஸ், ரைசன் லேப்டாப், உள்ளேயே வரும் ரேடியான் கிராஃபிக்ஸ்தான். பிளெண்டர் என்ற 3டி மென்பொருளில் மெட்டீரியல் பிரிவியூவுக்குப் போனால் மாடல் மேல் கறுப்புக் கட்டங்கள் வந்து வந்து போகின்றன, சாலிட் மோடில் ஒன்றும் இல்லை. கிராஃபிக்ஸ் டிரைவர் மெசா 22.3.6. மெசாக்காரர்கள் பக் வாங்கும் கிட்லாபில் ஸ்கிரீன்ஷாட்டோடு விவரமாக எழுதிப் போட்டேன். டெவலப்பர் ஒருவர் ஒரே வரியில் "மெயின் பிராஞ்சில் இது வருகிறதா?" என்று, அதாவது இன்னும் வெளியிடாத புத்தம்புது கோடிலும் வருகிறதா என்று, கேட்டுவிட்டுப் போய்விட்டார். இந்த மெஷினில்தான் எனக்குப் பிழைப்பே, டிரைவரை கம்பைல் செய்து போட்டு நாளைக்கு டெஸ்க்டாப்பே வராமல் போனால்? பக் இருக்கிறது என்று சொல்ல நானும் புரோகிராமராக வேண்டுமா?

தறிக்காரன்
அவர் தட்டிக்கழிக்கவில்லை நண்பரே. 22.3 வெளிவந்தது 2022 நவம்பரில். மெசாவில் ஏறக்குறைய மூன்று மாதத்துக்கு ஒரு புது வெளியீடு வரும், அடுத்தது நிலைத்ததும் பழையதைக் கைவிட்டுவிடுவார்கள். எந்தத் திருத்தமும் முதலில் மெயினில்தான் ஏறும், அங்கிருந்துதான் நடப்பு வெளியீட்டுக்கு எடுப்பார்கள். அதனால் அவரே நினைத்தாலும் 22.3-க்கு ஒன்றும் அனுப்ப முடியாது, அதை டெபியன்காரர்கள்தான் பார்க்க வேண்டும். அது போக, உங்கள் பக் எப்போதோ சரியாகியிருந்தால் இல்லாத ஒன்றை அவர் ராத்திரி முழுக்கத் தேடிக்கொண்டிருப்பார்.

ஆந்தைக்கண்
டெஸ்க்டாப் போய்விடும் என்ற பயமே வேண்டாம், சிஸ்டத்தில் இருக்கும் மெசாவைத் தொடவே போவதில்லை. ஹோம் ஃபோல்டருக்குள் ஓர் இடத்தை ப்ரிஃபிக்ஸாக (நிறுவும் இடமாக) கொடுத்து, ரேடியானுக்கான ரேடியான்எஸ்ஐ டிரைவர் மட்டும் போதும் என்று மெசான் என்ற பில்ட் கருவியிடம் சொல்லி பில்ட் செய்யுங்கள், அப்புறம் லைப்ரரி பாத்தை அங்கே திருப்பிவிட்ட டெர்மினலிலிருந்து பிளெண்டரைத் திறந்தால் அந்த ஒரு புரோகிராம் மட்டும் புது டிரைவரில் ஓடும். டெர்மினலை மூடினால் எல்லாம் பழையபடி. ஆனால் டெபியன் 12-இல் மெசானும், மெசாவுக்குத் தேவையான லிப்டிஆர்எம் லைப்ரரியும் பழசு, மெயின் அவற்றை ஏற்காது, அவற்றையும் புதிதாக எடுக்க வேண்டியிருக்கும்.

பலரும் கோட்டை விடுவது இதற்கப்புறம்தான். பில்ட் முடிந்ததும் உண்மையில் எது ஓடுகிறது என்று பார்க்காமலே "மெயினிலும் வருகிறது" என்று எழுதிவிடுகிறார்கள். அதே டெர்மினலில், எந்த டிரைவர் ஓடுகிறது என்று காட்டும் ஜிஎல்எக்ஸ்இன்ஃபோவை ஓட்டினால் வெர்ஷன் வரியில் "டெவல்" என்ற சொல்லும் எந்தக் கோடிலிருந்து பில்ட் செய்தது என்று காட்டும் கிட் ஹாஷும் தெரிய வேண்டும். பிளெண்டரிலும் ஹெல்ப் மெனுவில் சிஸ்டம் இன்ஃபோவைச் சேமித்தால் அதே வரி இருக்கும், அந்த ஃபைலை அப்படியே ரிப்போர்ட்டில் இணைத்துவிடுங்கள். ஒருவேளை உங்கள் பிளெண்டர் ஃபிளாட்பேக்கில் (சிஸ்டத்திலிருந்து தனித்து ஓடும் பேக்கேஜில்) வந்தது என்றால் அது தன் ரன்டைமில் உள்ள மெசாவைத்தான் எடுக்கும், நீங்கள் வெளியே என்ன பில்ட் செய்தாலும் அதற்குத் தெரியாது.

பனைமரம்
இவ்வளவும் சரி, ஆனால் படம் வரைகிறவரிடம் போய் லிப்டிஆர்எம் பில்ட் செய் என்பதெல்லாம் அதிகம். முதலில் ஃபெடோரா லினக்ஸின் சோதனைப் பதிப்பான ராஹைடு லைவ் இமேஜை யுஎஸ்பியில் போட்டு பூட் செய்து, அதில் பிளெண்டரை நிறுவி உங்கள் ஃபைலைத் திறந்து பாருங்கள். அதில் இருப்பது அன்றைய மெயின் இல்லைதான், ஆனாலும் 22.3-ஐ விட எவ்வளவோ புதுசு. அங்கேயும் வந்தால் ரிப்போர்ட்டுக்கு உயிர் வந்துவிடும், அப்போது பில்ட் பற்றி யோசிக்கலாம், பிளெண்டர் டிரைவருக்கு அனுப்பும் கட்டளைகளைப் பதிந்து ஏபிஐ டிரேஸ் ஒன்று எடுத்துக் கொடுத்தாலும் அவர்கள் பிளெண்டரே இல்லாமல் ஓட்டிப் பார்ப்பார்கள். டிரேஸுக்குள் உங்கள் டெக்ஸ்சர்களும் போய்விடும், கிளையண்ட் வேலை என்றால் வேறு ஃபைலில் எடுங்கள்.

குமிழன்
டெபியன் பேக்கேஜ்தான், ஃபிளாட்பேக் இல்லை. ராஹைடில் பார்த்துவிட்டேன், கட்டங்கள் வரவில்லை! அப்படியானால் மெசாவில் சரியாகிவிட்டது என்று எழுதி மூடிவிடலாமா?

ஆந்தைக்கண்
"ராஹைடில் வரவில்லை" என்று எழுதுங்கள், "மெசாவில் சரியாகிவிட்டது" என்று இப்போதே எழுதாதீர்கள். லைவ் யுஎஸ்பியில் மெசா மட்டுமா மாறியது, கெர்னலும் பிளெண்டரும் சேர்ந்து மாறிவிட்டன. ஏஎம்டிஜிபியு டிரைவர் கெர்னலுக்குள் இருக்கிறது, மெசா அதற்கு மேலே. டெபியன் 12-க்குப் புது பேக்கேஜ்கள் தரும் பேக்போர்ட்ஸில் 6.12 கெர்னல் இருக்கிறது, அதை மட்டும் போட்டு பழைய மெசாவோடு ஒரு முறை பாருங்கள். கட்டங்கள் அப்போதும் வந்தால் கெர்னல் மேல் பழி இல்லை. பிளெண்டருக்கும் அதே மாதிரி, அவர்கள் தளத்தில் கிடைக்கும் புது வெர்ஷனை ஃபோல்டரில் விரித்து ஓட்டினாலே போதும்.

தறிக்காரன்
மெசாதான் என்று உறுதியானால், எந்த கமிட்டில் (கோட் மாற்றத்தில்) சரியானது என்பதை, பாதி பாதியாகத் தேடும் கிட் பைசெக்டை வைத்தே கண்டுபிடிக்கலாம், தேடும் திசை மட்டும் தலைகீழ். 4000 கமிட் இருந்தாலும் 12 தடவை பில்ட் செய்தால் போதும், கம்பைல் செய்ததைச் சேமித்து வைக்கும் சிசேஷ் போட்டிருந்தால் முதல் பில்டுக்கு அப்புறம் வேகமாகவே போகும். அந்த கமிட்டைச் சொல்லி டெபியனில் பக் போட்டால் அதை மட்டும் 22.3-க்குள் எடுப்பதைப் பரிசீலிக்கலாம், வெளியிட்டுவிட்ட டெபியனில் வெர்ஷனையே தூக்கிப் புதுசு போட மாட்டார்கள்.

பனைமரம்
இல்லையென்றால் பேசாமல் டெபியன் 13-க்குப் போய்விடுங்கள், அதில் மெசா 25.0 இருக்கிறது.